கை மட்டும் தெரிஞ்சா போதும்

பரவால்ல, உக்காருங்கம்மா. இந்தப் பெட்டியை நான் மடியில வச்சுக்கிறேன். மேல வைக்க வேண்டாம், கண்டக்டர் தம்பி அப்பவே சொல்லிட்டாரு, மேல வச்சா ஆடுமாம். திருநெல்வேலிதானே நீங்களும்? நல்லதாப் போச்சு. எறங்கும்போது ஒரு கை பிடிச்சா போதும்.

உள்ள ஆரத்தித் தட்டு. வளைகாப்புக்கு. பாக்கணுமா? இந்த மூடியை லேசாத் தூக்கிப் பாருங்க, காத்து அடிக்காம. நடுவுல கிண்ணம் இருக்கு பாருங்க, அதுலதான் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு ஊத்துறது. ரெண்டு பக்கமும் துணிக்கிளி. அடியில சாட்டின், சுத்தி ஜரிகை லேஸ். ஆமா, நான்தான் பண்ணேன். வேற யாரு? இந்தாங்க கார்டு. ஹேமா கைவண்ணம், கோவில்பட்டி. ஹேமா என் பொண்ணு, அவளுக்குத்தான் இன்னைக்கு வளைகாப்பு. என் பேரு இந்திராணி. இன்ஸ்டாவுல போட்டுப் பாத்தா வரும். நாலு வருசமா நடத்துறேன். சீர்வரிசைத் தட்டு, ஆரத்தித் தட்டு, நூல் வளையல், ஏலக்காய் மாலை, எல்லாம்.

உங்க தங்கச்சிக்கு தை மாசம் கல்யாணமா? அப்போ கார்டைப் பத்திரமா வையுங்க. வேற யாருகிட்டயும் போயிடாதீங்க. இப்ப ஊருக்குள்ள ரொம்பப் பேரு கெளம்பிட்டாங்க. அதுவும் கோவில்பட்டியில பசுவந்தனை ரோட்டுப் பக்கம் ஒருத்தி இருக்கா. பேரு சொல்ல மாட்டேன். சொன்னா என் வாய்தான் வலிக்கும்.

சொல்ல மாட்டேன்னேன்ல. சரி, நீங்க யாரோ எவரோ, உங்ககிட்ட சொன்னா என்ன வந்துச்சு. செண்பகவல்லின்னு பேரு. வல்லி, வல்லின்னு கூப்பிடுவோம். எங்க வீட்டுக்காரரோட கூடப்பிறந்த தங்கச்சி. என் நாத்தனா.

பாத்தீங்களா, மூஞ்சி மாறுது உங்களுக்கு. சொந்தத்துக்குள்ளயேவான்னு. அதான் எனக்கு வயிறு எரியுது. வெளியாள் பண்ணா இது ஏவாரம்னு விட்டுடலாம்.

அவ வீட்டுக்காரன் லாரி ஓட்டிட்டு இருந்தான். ஓசூர் பக்கத்துல ஆக்ஸிடென்ட்ல போய்ட்டான். பிள்ளை குட்டி கெடையாது. மாமியார் வீட்டுல வச்சுக்கல. எங்க வந்தா? எங்க வீட்டுக்குத்தான் வந்தா. நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூமு இருக்கு, சாமான் போட்டு வச்சிருந்தோம், அதைக் காலி பண்ணிக் கொடுத்தேன். அந்தச் சாமானையெல்லாம் எங்க வச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் கேக்கல. சோறு போட்டேன். பண்டிகைன்னா சேலை எடுத்துக் கொடுத்தேன், அவளுக்கு ஏத்த கலர்ல, வெளிர் நீலம், சாம்பல், இந்த மாதிரி. எந்த மதினி செய்வா இதெல்லாம்?

தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ட்டிருந்தா. சின்ன வயசுலருந்து கட்டையில தீக்குச்சி அடுக்கி அடுக்கி விரல் அப்படி ஓடும் அவளுக்கு. கண்ணால பாக்காமலே செய்வா. ஒரு தடவை எதிர்வீட்டு மாரித்தாய் மகளுக்கு நிச்சயம். கடையில வாங்கின தட்டு பிஞ்சு போயிருந்துச்சு. இவதான் உக்காந்து சரி பண்ணிக் கொடுத்தா. சரி பண்ணலங்க, புதுசாவே பண்ணிட்டா. அன்னைக்குத்தான் எனக்கு இந்த யோசனை வந்துச்சு. யோசனை என்னோடது, அதை மறந்துடாதீங்க. பேரு வச்சது நான், கார்டு அடிச்சது நான், இன்ஸ்டாவுல பேஜ் ஆரம்பிச்சது நான். அவளுக்கு போன்ல வால்யூம் கூட்டக்கூடத் தெரியாது.

நீங்க கேக்குறது புரியுது. தட்டு நான்தான் பண்ணேன்னு சொன்னேன்ல. பண்ணேன்னா, என் கம்பெனிங்க. வீடு கட்டுறவன் நான் வீடு கட்டினேன்னுதானே சொல்றான், அவனா செங்கல் வைக்கிறான்?

அவ பேரைச் சொல்ல முடியாதுல்ல. யோசிச்சுப் பாருங்க. கல்யாணத் தட்டு. வளைகாப்பு வளையல். மஞ்சக் கயிறு வைக்கிற தட்டு. அதை யாரு பண்ணதுன்னு தெரிஞ்சா வாங்குவாங்களா? எனக்கு அப்படியெல்லாம் கெடையாதுங்க, நான் அதெல்லாம் பாக்கிறவ இல்ல. ஊரு பாக்கும்ல. ஊருக்காகத்தான். அவளுக்கு ஒரு வார்த்தை வந்துடக் கூடாதேன்னுதான் நான் முன்னால நின்னேன். கஸ்டமர் வந்தா அவ ரூமுக்குள்ள போயிடுவா, நான் ஹால்ல பேசி முடிப்பேன். அவளாவே போவா. நான் கண்ணைக் காட்டினா போதும்.

வியாபாரம் ஆரம்பத்துல நொண்டிட்டுத்தான் இருந்துச்சு. தட்டை போட்டோ எடுத்துப் போட்டா யாரும் பாக்கல. அப்புறம் ஹேமாதான் சொன்னா, அம்மா, செய்யிறதை வீடியோ எடுத்துப் போடுங்க, அதைத்தான் எல்லாரும் பாக்குறாங்கன்னு. நான் உக்காந்து செஞ்சு பாத்தேன். எனக்கு இந்த க்ளூ கன் சூடு ஒத்துக்கல, விரல்ல கொப்புளம் வந்துடுச்சு. லேஸும் கோணக் கோணயாப் போச்சு. ஹேமா சிரிக்கிறா. அதனால வல்லியை உக்கார வச்சேன். மூஞ்சி வேண்டாம், கை மட்டும் தெரிஞ்சா போதும். பேசுறது நான். "வணக்கம் மக்களே, நான் உங்க இந்திராணி அக்கா"ன்னு பின்னாலருந்து நான் பேசுவேன், முன்னால அவ கை வேலை செய்யும்.

ஆனா கை வெறுங்கையா இருந்துச்சு. மங்கலமான வேலை, கையில ஒரு வளையல் இல்ல, மோதிரம் இல்ல. பாக்குறவங்க ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சுட மாட்டாங்களா? பஜார்ல போயி ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிட்டு வந்தேன். பச்சையும் செகப்பும். என் காசு. மோதிரம் என்னோடதையே கழட்டிக் கொடுத்தேன். நெயில் பாலிஷ் ஹேமாவோடது.

முத நாளு போட்டு விட்டது நான்தான். கை இறுகிப் போயிருந்துச்சு, சோப்பு போட்டுத்தான் ஏத்தினேன். அவ கையை என்கிட்ட கொடுத்துட்டு அந்தப் பக்கம் சுவரைப் பாத்துட்டு உக்காந்திருந்தா. வலிக்குதான்னு கேட்டேன். இல்ல மதினின்னா. அப்புறம் க்ளூ கன்னை எடுத்தா பாருங்க. என்னமோ அன்னைக்கு அந்தக் கைக்கு என்ன வந்துச்சோ. வளையல் சத்தம் அப்படியே வீடியோவுல விழுந்துச்சு. அந்தச் சத்தத்துக்கே ஊரெல்லாம் ஷேர் பண்ணாங்க. "அக்கா உங்க கை எவ்வளவு லட்சணமா இருக்கு", "அக்கா உங்க கையைப் பாத்துட்டே இருக்கலாம்"னு கமெண்ட். நான் எல்லாத்துக்கும் ஹார்ட் போட்டேன். ஒண்ணையும் விடல. சிங்கப்பூர்லருந்து ஆர்டர் வந்துச்சுங்க.

வீடியோ முடிஞ்சதும் வளையலைக் கழட்டி பிஸ்கட் டப்பாவுல போட்டு பீரோவுல வச்சிடுவேன். அதுல நான் கறாரு. வெளிய போற இடத்துல யாராவது பாத்துட்டா அவளைத்தானே அசிங்கமாப் பேசுவாங்க. நெயில் பாலிஷை மட்டும் அவளே சுரண்டி எடுத்துடுவா, நான் சொல்லவே வேண்டாம். அவ்வளவு அடக்கமான பொண்ணு. அப்படித்தான் நான் நம்பிட்டு இருந்தேன்.

சம்பளமா? வீட்டு ஆளுக்கு என்னங்க சம்பளம். என் பொண்ணுக்கு நான் சம்பளமா கொடுக்கிறேன்?

போன சித்திரையில ஒரு நாளு வீடியோ நடந்துட்டு இருக்கு. கேஸ்காரன் வந்து பெல் அடிச்சான். நான் போன்ல ஆங்கிளைப் பாத்துட்டு இருந்ததுல, இவ அப்படியே எந்திரிச்சுப் போயி கேட்டைத் திறந்துட்டா. வளையலோட. அந்த நேரம் பாத்து மாரித்தாய் வாசல்ல நிக்கிறா. அவளாவது வாயை மூடிட்டு இருக்கலாம்ல. "வல்லி, இப்பத்தான் உன் கை நல்லா இருக்கு"ன்னுட்டா. வேற ஒண்ணும் சொல்லல. அவ்வளவுதான் சொன்னா.

திரும்பி வந்து உக்காந்தா. வீடியோ முடிஞ்சுது. நான் டப்பாவை எடுத்துட்டு வந்து, கையைக் காட்டுன்னேன். காட்டல. லேஸ் தச்சுட்டே இருக்கா.

"கழட்டு வல்லி."

"கையிலயே கெடக்கட்டும் மதினி."

நான் வெளையாடுறான்னு நெனச்சேன். அப்புறம் மூஞ்சியைப் பாத்தா வெளையாட்டா இல்ல. நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்கன்னு கேட்டேன். ஒரு மதினி கேக்க வேண்டிய கேள்விதானே? அதுக்கு அவ சொல்றா, ஊசியை விட்டுக் கண்ணை எடுக்காம சொல்றா, "ஊரே தெனமும் பாத்துட்டுத்தானே இருக்கு மதினி. நல்லா இருக்குன்னுதான் எழுதுறாங்க."

"அது உன் கைன்னு தெரியாமத்தாண்டி எழுதுறாங்க."

நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலியே. உள்ளதைத்தான் சொன்னேன். நீங்களே சொல்லுங்க, அதுல என்ன தப்பு இருக்கு? என்ன வெளிய பாக்குறீங்க, கயத்தாறு இப்பத்தான் வருது.

அவ கையில இருந்த லேஸை முடிச்சா. நூலைப் பல்லால கடிக்கக் கூடாதுன்னு அவளே ஒரு கொள்கை வச்சிருப்பா, அதனால கத்திரியைத் தேடி எடுத்து வெட்டினா. க்ளூ கன் வயரைச் சுத்தி வச்சா. மோதிரத்தைக் கழட்டி மேசையில வச்சா, அது தங்கம்ல. ரூமுக்குள்ள போயி துணியை ஒரு பையில போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டா. எங்க வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து கேட்டதுக்கு, உங்க தங்கச்சி என் வளையலோட போய்ட்டான்னேன். அந்த மனுசன் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, சட்டையைக்கூட மாத்தாம வெளிய போனாரு. அன்னைக்கு ராத்திரி வீட்டுல சாப்பிடல.

தீப்பெட்டி ஆபீஸ்ல கூட வேலை பாத்தவ வீட்டுல போயி இருந்தா. ரெண்டு நாள்ல வந்துடுவான்னு நான் பேசாம இருந்தேன். அவ வரல, வீடியோதான் வந்துச்சு, கூட இருந்தவ போன்ல எடுத்தது.

மூஞ்சியைக் காட்டிட்டா வல்லி. நெத்தியில ஒண்ணும் இல்ல, கையில மட்டும் என் வளையல். அந்தப் பச்சையும் செகப்பும். "என் பேரு செண்பகவல்லி. எங்க வீட்டுக்காரர் உயிரோட இல்ல. இந்தத் தட்டெல்லாம் நான் பண்றது. இந்தக் கையிலருந்து வாங்க இஷ்டம் உள்ளவங்க வாங்குங்க." அவ்வளவுதான் பேச்சு. ஒரு மியூசிக்கூடப் போடல. சாமர்த்தியத்தைப் பாத்தீங்களா?

நான் சிரிச்சேன். ஒரு தட்டு போகாதுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்டயே சொன்னேன். என்னைக் கேட்டா மூஞ்சியைக் காட்டினதோட கடையைச் சாத்திட்டான்னுதான் அர்த்தம்.

எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. எல்லாம் பரிதாபம். பரிதாபத்துல வாங்குறாங்க. இந்த ஊர் சனத்துக்கு எப்பவும் ஒரு அழுமூஞ்சிக் கதை வேணும். அதுலயும் என் பழைய கஸ்டமர் ஒருத்தி போன் பண்ணி என்கிட்டயே கேக்குறா, "அக்கா, உங்க வீடியோவுல வர்ற கை இவங்க கைதானே? பெருவிரல்ல அந்தத் தீக்காயத் தழும்பு இருக்கே"ன்னு. தீப்பெட்டி ஆபீஸ்ல பட்ட தழும்பு. இத்தனை நாளா அதை நான் கவனிச்சதே இல்லைங்க. எங்கயோ சாத்தூர்ல இருக்கிறவளுக்குத் தெரிஞ்சிருக்கு. என் குரல் ஒருத்தருக்காவது ஞாபகம் இருந்திருக்கணும்ல? இல்ல. கை பின்னாலயே போய்ட்டாங்க.

நான் விட்டுடுவேனா? ரெண்டு பொண்ணுங்களை வேலைக்கு வச்சேன். ஒரு கல்யாணத்துக்குப் பெரிய ஆர்டர். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆரத்தி சுத்துறாங்க, ரெண்டாவது சுத்துல கிளி கழண்டு ஆரத்தித் தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு. பொண்ணோட அம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே. அது வெயில்ங்க, வைகாசி வெயில். க்ளூ உருகிடுச்சு. கார் டிக்கியில வச்சுக் கொண்டு வந்தா உருகாதா? சுத்தின பிள்ளையும் வேகமாச் சுத்திட்டா. ஆனா வல்லி பண்ணது மட்டும் எப்படி உருகாம இருந்துச்சுன்னு எங்க வீட்டுக்காரர் கேக்குறாரு. அதுக்கப்புறம்தான் வேலைக்கு வந்த பிள்ளை ஒண்ணு வல்லியோட பழைய தட்டு ஒண்ணைப் பிரிச்சுக் காட்டினா. வட்டமா அட்டை வெட்டி, சாட்டின் போத்தி, லேஸு, கிளி எல்லாத்தையும் அந்த அட்டையோட நூல் போட்டுத் தச்சிருக்கா. அதுக்கப்புறம்தான் தட்டுல ஒட்டியிருக்கா. க்ளூ சும்மா பேருக்கு. எனக்கு ஒரு வார்த்தை சொன்னாளா? இத்தனை வருசம் என் ஹால்ல உக்காந்து தச்சிருக்கா, சொல்லல. கள்ளி.

நீங்க பாத்திருக்கலாமேன்னா? நான் போனைப் பாப்பேனா, அவ கையைப் பாப்பேனா?

இப்ப வளைகாப்பு. ஹேமாவுக்கு ஒம்போதாம் மாசம். சம்பந்தி வீடு பாளையங்கோட்டை, அங்க வச்சு விழா, அப்புறம் பிள்ளையை நாங்க கூட்டிட்டு வரணும். முத வளையல் யாரு போடுறதுன்னு பேச்சு வந்துச்சு. இந்தக் கழுதை சொல்றா, அத்தைதான் போடணுமாம். வல்லி அத்தை போட்டாத்தான் கையை நீட்டுவாளாம். நான் பெத்தவ இருக்கேன். சரி, சம்பந்தியம்மா ஒரு போடு போடுவாங்க, நம்ம வாயால சொல்ல வேண்டாம்னு அவங்களுக்கு போன் போட்டேன். விசயத்தைச் சொன்னேன். கொஞ்சம் அழுத்தியேதான் சொன்னேன், விதவைன்னு. அந்தம்மா என்ன சொல்லுது தெரியுமா? "வாயும் வயிறுமா இருக்கிற பிள்ளை ஆசைப்படுது, போட்டுட்டுப் போகட்டுமே, எங்களுக்கு ஒண்ணும் இல்ல"ங்குது. சம்பந்தியே பாக்கல, நான் பாக்கிறேன்னு என்னைக் கேலி பண்றா ஹேமா. நானா பாக்கிறேன்? ஊருதானே பாக்குது. ஊரு எங்க இருக்குன்னு கேக்குறா, என் வயித்துல பிறந்தது.

கார் இருக்குங்க எங்களுக்கு. காலையிலயே எங்க வீட்டுக்காரர் பழம், பலகாரம் எல்லாத்தையும் ஏத்திட்டு, தங்கச்சியைக் கூப்பிட்டுக்கிட்டுப் போய்ட்டாரு. அவ ஏறுற கார்ல நான் ஏற மாட்டேன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டாரு. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கூப்பிடுவாருன்னு நெனச்சேன்.

அதுவும் இல்லாம இந்தப் பெட்டியை அவ கண்ணுல காட்டாமக் கொண்டு போகணும்னு பாத்தேன்.

ஏன்னு கேக்குறீங்களா. என்ன ஏன்?

என் பிள்ளை வளைகாப்புல கிளி விழுந்துடக் கூடாதுங்க. வயித்துப் பிள்ளைக்காரி. சபையில அவ முன்னால சுத்தும்போது ஒண்ணு கழண்டு விழுந்துச்சுன்னா என் உசுரு நிக்காது. அந்தப் பொண்ணுங்களை வச்சுப் பண்ணிப் பாத்தேன், எனக்கே நம்பிக்கை வரல. மாரித்தாயைப் பிடிச்சு, உங்க சொந்தக்காரப் பிள்ளைக்குன்னு சொல்லி வல்லிகிட்ட ஆர்டர் கொடுன்னேன். தேதி மட்டும் சொல்லு, பேரு ஊரு எதையும் சொல்லாதேன்னேன். நேத்து சாயங்காலம் வாங்கிட்டு வந்து கொடுத்தா. நான் பிரிக்கவே இல்ல. காலையில கார் போனதுக்கு அப்புறம்தான் தட்டு சரியா இருக்கான்னு பாக்கப் பிரிச்சேன்.

தட்டுக்குக் கீழ ஒரு துணிப்பொட்டலம். மிச்ச சாட்டின்ல சுத்தி, தச்சு வச்சிருக்கா. பிரிச்சுப் பாத்தா, என் வளையல். அதே பச்சை, அதே செகப்பு. ஒரு டஜனும் இருக்கு. இத்தனை மாசம் கையில போட்டு, க்ளூ கன் பிடிச்சு, பாத்திரம் தேச்சு, ஒண்ணுகூட ஒடையல. ஒரு சீட்டு இல்ல, ஒரு வார்த்தை இல்ல.

மாரித்தாய் சொல்லியிருக்க மாட்டா. தேதியை வச்சு வல்லியே கண்டுபிடிச்சிருக்கா. எனக்குன்னு தெரிஞ்சேதான் பண்ணியிருக்கா. திமிரைப் பாத்தீங்களா? உன் வளையலை நீயே வச்சுக்கங்கிறா. அதானே அர்த்தம்? வேற என்ன அர்த்தம் இருக்கு அதுல? சொல்லுங்களேன், படிச்ச பிள்ளை மாதிரி இருக்கீங்க.

இந்தா, ஹேண்ட்பேக்லதான் கெடக்கு. காலையில நான் போட்டுப் பாத்தேன். எனக்கு ஏறல. சோப்பு போட்டும் ஏறல. அப்படியே பாத்ரூம்ல உக்காந்து அழுதுட்டேன், எதுக்குன்னு தெரியல. கோவத்துலதான் இருக்கும்.

இப்ப எனக்கு ஒரே ஒரு விசயம்தான் மண்டையைக் கொடையுது. என்னோடதைக் கழட்டி அனுப்பிட்டா. முத வளையல் போடப் போறவ வெறுங்கையோடவா போவா? இன்னைக்கு அவ கையில என்ன கெடக்கும்? அவளே கடைக்குப் போயி வாங்கிப் போட்டிருப்பாளா? தனியாவா போயி வாங்கியிருப்பா? என்ன கலரு எடுத்திருப்பா?

பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சா. நீங்க முன்னால எறங்குங்க, நான் பெட்டியை எடுத்துக் கொடுக்கிறேன். கார்டு இருக்குல்ல? தை மாசம்னீங்க, போன் பண்ணுங்க, நான் எப்படியாவது வாங்கி... பண்ணித் தர்றேன். ஐயோ, பெட்டி சாயுது பாருங்க. நல்லாப் பிடிங்க. சாஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. கிளி விழாதும்மா. வல்லி தச்சது.